கல்வி ஆலோசகராகப் பொறுப்பேற்கும் ஆசிரியருக்கு: முதல் சந்திப்பிலிருந்து பின்தொடர்தல் வரை

ஆசிரியரிடம் ஒரு பெயர்ப்பட்டியலைக் கொடுத்து, "இனி இந்த மாணவர்களுக்கு நீங்கள்தான் கல்வி ஆலோசகர்" என்று சொல்லிவிடுவார்கள். அந்த வேலையை எப்படிச் செய்வது என்று பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. புதிதாக வருபவர்கள் நல்லெண்ணத்தோடுதான் தொடங்குகிறார்கள். ஆனால் வரிசையைத் தலைகீழாகப் பிடித்துவிடுகிறார்கள். மாணவர் வந்து உட்கார்ந்த கையோடு "அடுத்த செமஸ்டரில் என்ன பாடம் எடுக்கப் போகிறாய்?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வி கடைசியில் வர வேண்டியது.

இந்த வழிகாட்டி அந்த வரிசையைப் பற்றியது. செமஸ்டர், கிரெடிட் (ஒவ்வொரு பாடத்தின் பளுவைக் காட்டும் எண்) முறையில் நடக்கும் கல்லூரியை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். ஆண்டு முறையில் நடக்கும் இடங்களிலும் படிகள் இவைதான், தேதிகள் மட்டும் மாறும்.

1. உங்கள் கையெழுத்து எதுவரை செல்லும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மாணவரைப் பார்ப்பதற்கு முன் துறைத்தலைவரையும் அலுவலகத்தையும் பாருங்கள். பாடப் பதிவு, தாமதப் பதிவு, பாடத்திலிருந்து விலகுதல், வருகைக் குறைவுக்கு விலக்கு, மறுதேர்வு, பிரிவு மாற்றம், இடைவிடுப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் யார் முடிவெடுப்பார்கள், எந்தப் படிவம், கடைசித் தேதி எது என்று கேட்டு ஒரே பக்கத்தில் எழுதி வையுங்கள்.

காரணம் இதுதான். ஆலோசகர் வாயிலிருந்து வருவதை மாணவர் கல்லூரியின் வாக்குறுதியாகவே எடுத்துக்கொள்வார். "பார்த்துக்கொள்ளலாம்" என்று நீங்கள் ஆறுதலுக்குச் சொன்ன சொல்லை நம்பி அவர் விண்ணப்பத் தேதியைத் தவறவிடுவார். பிறகு உங்களால் எதையும் பார்த்துக்கொள்ள முடியாது. இந்தப் பணியில் மிக அதிகமாகத் தீங்கு செய்யும் சொல் இதுதான் என்பது என் கருத்து.

தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். அதோடு ஒரு நாளையும் சொல்லுங்கள்: "இது எனக்கு இப்போது தெரியாது. வியாழக்கிழமைக்குள் அலுவலகத்தில் கேட்டுச் சொல்கிறேன்." வியாழக்கிழமை சொல்லியும்விடுங்கள். மாணவர் உங்கள்மேல் வைக்கும் நம்பிக்கை பெரும்பாலும் இப்படிப்பட்ட சிறு தவணைகளில்தான் வளர்கிறது.

2. சந்திப்புக்கு முன்பே கையில் இருக்க வேண்டியவை

முதலில், அந்த மாணவர் சேர்ந்த ஆண்டுக்கு உரிய விதிமுறைகளும் பாடத்திட்டமும். இந்த ஆண்டின் பாடத்திட்டத்தை வைத்துக்கொண்டு மூன்றாமாண்டு மாணவருக்கு வழி சொல்வது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. பாடத்திட்டம் திருத்தப்பட்டிருந்தால் பாடத்தின் பெயர் ஒன்றாகவே இருக்கும். கிரெடிட் மாறியிருக்கும், அல்லது கட்டாயப் பாடம் விருப்பப் பாடமாகியிருக்கும். பட்டம் பெறும் நேரத்தில்தான் குறை தெரியவரும்.

அடுத்து, பாடங்களின் முன்தேவை வரைபடம். எந்தப் பாடத்தைத் தேறினால் எந்தப் பாடம் திறக்கும், எந்தப் பாடம் ஒற்றைப்படை செமஸ்டரில் மட்டும் நடக்கிறது, எது இரண்டிலும் நடக்கிறது என்று அம்புக்குறிகளால் ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். துறை தயாரித்துக் கொடுத்திருந்தாலும் நீங்களே ஒருமுறை வரைவது நல்லது. வரையும்போதுதான் எந்த ஒரு பாடம் பல பாடங்களுக்கு வாசலாக இருக்கிறது என்பது கண்ணில் படும்.

கல்வி நாட்காட்டியும் அருகில் இருக்கட்டும். அதில் இரண்டு தேதிகளைச் சிவப்பில் வட்டமிடுங்கள்: பாடங்களைச் சேர்க்கவும் மாற்றவும் கடைசி நாள், பதிவேட்டில் தோல்வி ஏறாமல் பாடத்திலிருந்து விலகக் கடைசி நாள். உங்கள் சந்திப்புகளை எல்லாம் இந்த இரண்டு தேதிகளுக்குப் பின்னால் வைத்தால், அவற்றில் பாதி வருத்தம் கேட்பதிலேயே முடியும்.

மாணவரை அனுப்பக்கூடிய இடங்களின் பட்டியலும் வேண்டும். மனநல ஆலோசகர், உதவித்தொகைப் பிரிவு, விடுதிக் காப்பாளர், மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான பிரிவு, பாட உதவி வகுப்பு, வேலைவாய்ப்புப் பிரிவு. அலுவலகத்தின் பெயர் மட்டும் போதாது. அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார், எந்த நேரத்தில் இருப்பார் என்பதும் வேண்டும்.

3. பதிவேட்டைப் படிக்கும்போது சராசரியைப் பார்க்காதீர்கள்

மொத்தத் தரப்புள்ளி ஒரு முடிவைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. காரணம் தேடுபவர் வரிசையைப் பார்க்க வேண்டும். இதற்குப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடம் இல்லாமல் நடக்கும் சந்திப்பில் மாணவரே தம் மதிப்பெண்களை ஒப்பித்துக்கொண்டிருப்பார். அவமானமும் சலிப்பும்தான் மிஞ்சும்.

நான் தேடுவது சில வடிவங்களை. எல்லாப் பாடத்திலும் ஒரே வாரத்தில் வருகை சரிந்திருந்தால் வகுப்புக்கு வெளியே ஏதோ நடந்திருக்கிறது. ஒரே ஒரு பாடத்தில் மட்டும் சரிந்திருந்தால் அந்தப் பாடத்திலோ அந்த வகுப்பறையிலோ ஏதோ இருக்கிறது. உள்மதிப்பீட்டில் நன்றாக எழுதிவிட்டு இறுதித் தேர்வில் விழுபவருக்கு ஒரு சிக்கல். செய்முறையில் முழு மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வில் தோல்வியும் வாங்குபவருக்கு வேறு சிக்கல். காலை முதல் பாடவேளையில் மட்டும் வருகை இல்லையென்றால் படிப்பைப் பற்றிக் கேட்பதற்கு முன் பஸ்ஸைப் பற்றிக் கேளுங்கள்.

பார்த்ததை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். கேள்விகளாக மட்டும் இரண்டு மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. அழைப்பது எப்படி, எப்போது

புதிய மாணவரைச் செமஸ்டர் தொடங்கிய முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குள் பார்த்துவிட வேண்டும். அப்போது அவர்மேல் எந்தக் குற்றச்சாட்டும் இருக்காது, மதிப்பெண்ணும் வந்திருக்காது. முதல் சந்திப்பே தோல்விக்குப் பிறகு நடந்தால், ஆலோசகர் என்றால் விசாரிப்பவர் என்று அவர் மனத்தில் பதிந்துவிடும்.

"உடனே வந்து பார்க்கவும்" என்ற ஒற்றை வரிச் செய்தியை அனுப்பாதீர்கள். அதைப் படிக்கும் மாணவர், ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருப்பவர் என்றால், வராமல் இருக்கவே வழி தேடுவார். காரணம், நேரம், எவ்வளவு நேரம் ஆகும் என்பதைச் சேர்த்து எழுதுங்கள்:

"வணக்கம். நான் உன் கல்வி ஆலோசகர். என் பட்டியலில் உள்ள எல்லா மாணவர்களையும் இந்த வாரம் தனித்தனியாகச் சந்திக்கிறேன். அரைமணி நேரம் ஆகும். இந்தச் செமஸ்டர் எப்படிப் போகிறது என்று பேசலாம். செவ்வாய் 3 மணி, புதன் 11 மணி இரண்டில் எது உனக்கு வசதி?"

"எல்லா மாணவர்களையும்" என்ற சொல் அவரைப் பயத்திலிருந்து விடுவிக்கிறது. இரண்டு நேரங்களைக் கொடுப்பதால் 'வரலாமா வேண்டாமா' என்ற கேள்வி 'எப்போது வருவது' என்பதாக மாறுகிறது.

இடத்தையும் யோசியுங்கள். நாலு பேர் நடமாடும் ஆசிரியர் அறையில், பக்கத்து மேசையில் அவருடைய பாட ஆசிரியரே உட்கார்ந்திருக்கும்போது, எந்த மாணவரும் உண்மையைச் சொல்ல மாட்டார்.

5. முதல் பத்து நிமிடம் மாணவருக்கு உரியது

உட்கார்ந்ததும் மதிப்பெண் தாளை எடுத்து மேசைமேல் வைக்காதீர்கள். வைத்தால் அடுத்த அரைமணி நேரமும் அவர் அந்தத் தாளுக்குத்தான் பதில் சொல்வார்.

திறந்த கேள்வியோடு தொடங்குங்கள். "எப்படிப் போகிறது?" என்று கேட்டால் "நன்றாகப் போகிறது சார்" என்பதோடு முடிந்துவிடும். நான் கேட்பது: "போன வாரத்தில் எந்த வகுப்புக்கு விருப்பத்தோடு போனாய்? எதற்குப் போகும்போது கால் இழுத்தது?" இதற்கு ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாது. அடுத்து, "நேற்று காலையிலிருந்து இரவு வரை என்ன செய்தாய் என்று சொல்" என்று கேளுங்கள். பொதுவாக எப்படிப் படிக்கிறாய் என்று கேட்டால் அவர் எப்படிப் படிக்க விரும்புகிறாரோ அதைச் சொல்வார். நேற்றைப் பற்றிக் கேட்டால் நடந்ததைச் சொல்வார்.

மாணவர் நிறுத்தினால் நீங்களும் சற்று நிறுத்துங்கள். ஆசிரியர்களுக்கு இது கடினம், ஏனென்றால் வகுப்பில் மௌனம் விழுந்தால் நிரப்பியே பழகியவர்கள் நாம். ஆனால் "அவ்வளவுதான் சார்" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கி மாணவர் சொல்லும் அடுத்த வாக்கியத்தில்தான் பெரும்பாலும் விஷயம் இருக்கிறது.

இந்தப் பத்து நிமிடத்தில் அறிவுரை எதுவும் வேண்டாம். கேள்விகளும், "நீ சொல்வது இதுதானே?" என்று திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பதும் மட்டும் போதும். சீக்கிரமே தீர்வு சொல்லிவிட்டால் மாணவர் மரியாதைக்காக ஏற்றுக்கொண்டு எழுந்துவிடுவார். உண்மையான சிக்கல் அவரோடே திரும்பிப் போய்விடும்.

குடும்பத்தில் முதல்முறையாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் மாணவரிடம் இன்னொன்றையும் கவனியுங்கள். விதிகள் எழுத்தில் இருந்தாலும், கேட்டால் கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியாது. மறுமதிப்பீடு கோரலாம், ஆசிரியரை அறையில் போய்ச் சந்தேகம் கேட்கலாம், பாடத்திலிருந்து விலகலாம் என்பதெல்லாம் சில வீடுகளில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சிலேயே வந்துவிடுகிறது. மற்றவர்களுக்கு அதைச் சொல்ல உங்களைத் தவிர ஆள் இல்லை. அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லுங்கள்.

6. தடை எது என்று பிரித்தறியுங்கள்

முழு வேலையிலும் கடினமான படி இதுதான். வெளியே எல்லாம் ஒரே மாதிரி தெரியும்: மதிப்பெண் குறைவு, அரியர், வருகைக் குறைவு. உள்ளே காரணம் வேறு வேறு. காரணம் தெரியாமல் "இன்னும் கொஞ்சம் கவனமாகப் படி" என்று சொல்வதில் பயனில்லை, அதை அவர் தமக்கே பலமுறை சொல்லிக்கொண்டிருப்பார்.

அடிப்படையில் இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க, முந்தைய நிலையிலிருந்து ஒரு சிறு கணக்கைக் கொடுங்கள். மின்சுற்றுப் பாடத்தில் மீண்டும் மீண்டும் தோற்கும் மாணவரிடம் இரண்டு மாறிகள் கொண்ட இரண்டு சமன்பாடுகளை எழுதிக் கொடுத்துத் தீர்க்கச் சொல்லுங்கள். பேனா அங்கேயே நின்றுவிட்டால் சிக்கல் மின்சுற்றில் இல்லை. கிர்க்காஃப் விதியை இன்னும் நூறு முறை படித்தாலும் அது சரியாகாது. இயற்கணிதத்துக்கு மூன்று வார உதவி வகுப்பு போதுமானதாக இருக்கலாம்.

பயிற்று மொழியும் தடையாக இருக்கலாம். ஒரு பழைய வினாத்தாளை எடுத்து, "இந்தக் கேள்வியில் என்ன கேட்கிறார்கள் என்று உன் சொந்தச் சொற்களில் சொல்" என்று கேளுங்கள். கேள்வியைப் பிடித்துக்கொண்டு விடையை எழுத்தில் கொண்டுவர முடியாதவரும், கேள்வியையே பிடிக்காதவரும் இங்கே பிரிந்துவிடுவார்கள்.

அடுத்தது படிக்கும் முறை. நாள் முழுதும் படித்தேன், தேர்வில் ஒன்றும் வரவில்லை என்று சொல்லும் மாணவர் பொய் சொல்வதில்லை. அவர் குறிப்புகளைத் திரும்பத் திரும்ப வாசித்திருப்பார், வண்ணக் கோடு போட்டிருப்பார். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்குகிறது. ஒரு பகுதியைப் படித்த மாணவர்களில் ஒரு சாரார் அதையே மறுபடி வாசித்தார்கள். மற்றவர்கள் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் மறுபடி வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது நினைவிலிருந்து எழுதியவர்கள் தெளிவாக முந்தினார்கள். மாணவர் ஏன் தம் முறையை நம்புகிறார் என்பதும் இதிலேயே இருக்கிறது: படித்து முடித்த அந்த மாலையில் எல்லாம் தெரிந்தது போலவே இருக்கும். அவரிடம் "புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுதிப் பார்க்கிறாயா?" என்று கேட்டாலே முறை தெரிந்துவிடும்.

நேரம் இல்லாமை இன்னொன்று. இதைப் பேச்சில் கண்டுபிடிக்க முடியாது, கணக்கில்தான் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்த படியில் சொல்கிறேன்.

பொருந்தாத பிரிவில் சேர்ந்திருப்பவரை அறிவது எளிது. அதை ஒப்புக்கொள்ள வைப்பதுதான் கடினம். நன்றாக மதிப்பெண் வாங்கிக்கொண்டே அந்தத் துறையை வெறுப்பவரும் உண்டு. தகுதி இருந்தும் ஆர்வம் இல்லாதது, ஆர்வம் இருந்தும் அடிப்படை இல்லாதது இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இரண்டாமவரைப் பிரிவு மாற்றிவிட்டால் அவர் விரும்பிய ஒரே விஷயத்தை அவரிடமிருந்து பிடுங்கிவிடுகிறீர்கள்.

கடைசியாக, கட்டணம், வீட்டில் நோய், விடுதியில் தொல்லை, தனிமை. கல்லூரியை இடையில் விட்டுப் போகிறவர்களைப் பற்றி 1975-இல் எழுதிய சமூகவியலாளர் வின்சென்ட் டின்டோ, படிப்போடு ஏற்படும் பிணைப்பு, அங்குள்ள மனிதர்களோடு ஏற்படும் பிணைப்பு என்று இரண்டைப் பிரித்துக் காட்டினார். முதலாமாண்டு மாணவரிடம் "மதியம் யாரோடு சாப்பிடுகிறாய்?" என்று நான் கேட்பது இதனால்தான். யாரும் இல்லை என்ற பதில் வந்தால் அந்தப் பெயருக்கு அருகில் ஒரு குறி போட்டுக்கொள்கிறேன், மதிப்பெண் எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

7. கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுங்கள்

மாணவர்கள் தம் நிலைமையைப் பற்றி இரண்டு விதமாகத் தவறு செய்கிறார்கள்: ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறார்கள், அல்லது எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். இரண்டையும் எண்தான் திருத்தும். கால்குலேட்டரை மாணவர் கையில் கொடுங்கள். அவரே போட்ட கணக்கை அவர் மறக்க மாட்டார்.

தரப்புள்ளி. ஒரு மாணவர் 40 கிரெடிட் முடித்திருக்கிறார், சராசரி 4.8. அடுத்த 20 கிரெடிட் முடியும்போது மொத்தச் சராசரி 5.5 இருக்க வேண்டும் என்பது விதி என்று வைத்துக்கொள்வோம். "6.2 எடுத்தால் போதும் சார்" என்பார். 4.8-ஐயும் 6.2-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 5.5 வருகிறதே. ஆனால் கிரெடிட்டுகள் சமமில்லை. 60 கிரெடிட்டுக்கு 5.5 என்றால் 330 புள்ளி. கையில் இருப்பது 40 பெருக்கல் 4.8, அதாவது 192. மீதி 138 புள்ளியை 20 கிரெடிட்டில் எடுக்க வேண்டும்: 6.9. அவர் நினைத்த 6.2-க்கும் இதற்கும் நல்ல தூரம் இருக்கிறது. அதே இலக்கை 80 கிரெடிட்டுக்குள் எட்டினால் போதும் என்றால் அப்போது 6.2 சரியாக வரும். தோற்ற பாடத்தை மறுபடி தேறினால் பழைய புள்ளி நீங்கிப் புதியது ஏறும் என்று உங்கள் விதி சொன்னால், புதுப் பாடம் எடுப்பதைவிட அதை முடிப்பதே சராசரியை வேகமாக உயர்த்தும். விதிப் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

வாரத்தின் மணிநேரம். ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு வகுப்பு மணி, வெளியே இரண்டு மணி நேரப் படிப்பு என்பது பல இடங்களில் வழங்கும் பழைய அளவு. அதன்படி 20 கிரெடிட் எடுத்தவருக்கு வாரத்தில் 60 மணி நேரம் வேண்டும். ஐரோப்பியக் கிரெடிட் முறையில் ஒரு கிரெடிட் என்பது மொத்தத்தில் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஓர் ஆண்டுக்கு 60 கிரெடிட். எந்த அளவில் போட்டாலும் சரி, ஏழு நாட்களையும் கட்டங்களாக வரைந்து வகுப்பு, பயணம், தூக்கம், பகுதிநேர வேலை, வீட்டுப் பொறுப்பு எல்லாவற்றையும் நிரப்பச் சொல்லுங்கள். மிஞ்சும் கட்டங்களை அவரே எண்ணட்டும். வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்துகொண்டே 20 கிரெடிட் எடுத்திருப்பவரின் தாளில், படிப்பு நேரத்தையும் நிரப்பிவிட்டால், வெற்றுக் கட்டம் கிடைப்பதே அரிது. ஒழுங்கில்லாதவன் என்று தம்மைத் தாமே திட்டிக்கொண்டிருந்த மாணவர், இந்தத் தாளைப் பார்த்த பிறகு பாரத்தைக் குறைப்பது பற்றிப் பேசத் தயாராகிவிடுவார்.

பாடச் சங்கிலி. ஐந்து பாடங்கள் ஒன்றுக்கொன்று முன்தேவையாக, முதல் செமஸ்டரிலிருந்து ஐந்தாம் செமஸ்டர் வரை வரிசையாக நிற்கின்றன என்று கொள்வோம். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கிறது. முதல் பாடத்தில் தோற்றவர் அதை மீண்டும் எடுப்பது மூன்றாம் செமஸ்டரில். சங்கிலி ஏழாம் செமஸ்டரில்தான் முடியும். ஒரு பாடத் தோல்வி சங்கிலியை ஓர் ஆண்டு தள்ளிவிடும், ஆறு செமஸ்டர் படிப்பு ஒரு செமஸ்டர் நீண்டுவிடும். அதே செமஸ்டரில் தோற்ற இன்னொரு பாடம் எதற்கும் முன்தேவையில்லை என்றால் அதை எப்போது வேண்டுமானாலும் முடிக்கலாம். இரண்டு அரியர்களும் மதிப்பெண் தாளில் ஒன்றுபோலவே தெரியும். எதை முதலில் முடிப்பது என்று மாணவரிடம் விட்டால் எளிதானதைத்தான் எடுப்பார். வரைபடத்தைக் காட்டுங்கள். துணைத்தேர்வு உண்டா, விடுமுறைக் காலத்தில் அந்தப் பாடம் நடத்தப்படுகிறதா, சங்கிலியின் இரண்டு பாடங்களை ஒரே செமஸ்டரில் சேர்த்து எடுக்க அனுமதி உண்டா என்று தேடுவது இங்கே உங்கள் வேலை.

8. இப்போதுதான் தேர்வு

1972-இல் டெர்ரி ஓபானியன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் கல்வி ஆலோசனைக்கு ஐந்து படிகளை வகுத்தார்: வாழ்க்கைக் குறிக்கோள், தொழில் குறிக்கோள், படிப்புப் பிரிவு, பாடங்கள், கடைசியில் கால அட்டவணை. நடைமுறையில் ஒவ்வொரு சந்திப்பிலும் வாழ்க்கைக் குறிக்கோளிலிருந்து தொடங்க நேரம் இருக்காது. ஆனால் அந்த வரிசையின் நியாயம் பிடிபட வேண்டும். எதற்காக என்பது தெரியாமல் எடுத்த விருப்பப் பாடத்தை மாணவர் நண்பர்களைப் பார்த்தோ, "மதிப்பெண் தாராளமாகப் போடுவார்கள்" என்று கேள்விப்பட்டோ, வெள்ளிக்கிழமை மதியம் ஓய்வு கிடைக்கிறதே என்றோதான் தேர்ந்தெடுப்பார்.

குறைந்தது இரண்டு வழிகளை முன்வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் என்ன விலை என்பதையும் சொல்லுங்கள். "இந்தப் பாடத்திலிருந்து விலகினால் மற்ற நான்கைத் தேற வாய்ப்பு கூடும், படிப்பு ஒரு செமஸ்டர் நீளலாம், உதவித்தொகைக்குக் குறைந்தபட்சக் கிரெடிட் தேவையா என்று கேட்க வேண்டும். விலகாமல் இருந்தால் வாரத்தில் ஆறு மணி நேரம் இதற்கே ஒதுக்க வேண்டும், எங்கிருந்து எடுப்பாய்?" இப்படிச் சொன்னால் அவர் யோசிப்பார்.

"நான் உன் இடத்தில் இருந்தால்" என்று தொடங்காதீர்கள். நீங்கள் அவர் இடத்தில் இல்லை. அவருடைய கடன், அவருடைய தந்தையின் எதிர்பார்ப்பு, அவருடைய பயம் எதுவும் உங்களுடையதல்ல. அதோடு, உங்கள் முடிவை அவர் பின்பற்றித் தோற்றால் உங்களிடம் திரும்பி வர மாட்டார். "நீங்களே சொல்லுங்கள் சார், அப்படியே செய்கிறேன்" என்று வற்புறுத்துபவரிடம், "இரண்டில் எது உனக்குப் பயமாக இருக்கிறது, ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள். பாதி முடிவு அந்தப் பதிலில் வந்துவிடும்.

ஆனால் ஒன்று. விதி மீறப்படும் இடத்திலும் கடைசித் தேதி நாளை என்ற இடத்திலும் இந்தப் பொறுமை உதவாது. "இன்று மாலைக்குள் இந்தப் படிவத்தைக் கொடு" என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

பெற்றோர் உடன் வந்தால் முதலில் மாணவரோடு தனியாகப் பேசிவிட்டு, எதைப் பெற்றோர் முன் பேசலாம் என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பெற்றோருக்கு எந்த விவரத்தைத் தரலாம் என்பதற்கு உங்கள் கல்லூரியின் விதியைப் பின்பற்றுங்கள்.

9. எழுந்து போவதற்கு முன் எழுதிக்கொள்ளுங்கள்

பேசியதெல்லாம் வாசலைத் தாண்டியதும் கரைந்துவிடும். கடைசி ஐந்து நிமிடத்தை எழுதுவதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். மாணவரே எழுதட்டும், நீங்கள் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வரியிலும் யார், என்ன, எந்தத் தேதிக்குள் என்பது இருக்க வேண்டும்:

"திங்கள்: இயற்கணித உதவி வகுப்பில் பெயர் கொடுக்கிறேன். புதன் 4 மணி: மின்சுற்று ஆசிரியரைச் சந்தித்து இரண்டாம் தேர்வுத் தாளைப் பார்க்கிறேன். வெள்ளிக்குள்: பாடத்திலிருந்து விலகினால் உதவித்தொகை என்னாகும் என்று ஆலோசகர் கேட்டுச் சொல்கிறார். அடுத்த சந்திப்பு: இரண்டு வாரம் கழித்து, செவ்வாய் 3 மணி."

இதில் ஒரு வரியாவது உங்களுடையதாக இருக்கட்டும். மூன்று நான்கு வரிக்குமேல் போக வேண்டாம். பத்து வேலை எழுதிக் கொடுத்தால் ஒன்றும் நடக்காது. "நன்றாகப் படிக்க வேண்டும்" போன்ற வரிகளை அடித்துவிடுங்கள். நடந்ததா இல்லையா என்று சரிபார்க்க முடியாத எதுவும் திட்டத்தில் இருக்கக் கூடாது.

உங்கள் கோப்பில் எழுதும்போது, இதை நாளை மாணவர் படித்தால் என்ன நினைப்பார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நடந்ததை எழுதுங்கள், அவருடைய குணத்தைப் பற்றி எழுதாதீர்கள். "சோம்பேறி" என்று எழுதினால் அடுத்து வரும் ஆலோசகர் அந்தச் சொல்லோடுதான் அவரைப் பார்ப்பார். உடல்நலம், குடும்பம் பற்றி அவர் நம்பிச் சொன்னவற்றைப் பலர் பார்க்கும் பதிவில் ஏற்ற வேண்டாம்.

10. வேறொருவரிடம் அனுப்ப வேண்டியபோது

"மனநல ஆலோசகரைப் போய்ப் பார்" என்று சொல்லி அனுப்பினால் பலர் போக மாட்டார்கள். தம்மைக் கைகழுவிவிட்டார்கள் என்று நினைப்பார்கள். ஏன் அனுப்புகிறீர்கள், அங்கே என்ன நடக்கும் என்று சொல்லுங்கள். அவர் சம்மதித்தால் அங்கேயே தொலைபேசியில் பேசி நேரம் வாங்கிக் கொடுங்கள், முடிந்தால் உடன் நடந்து போங்கள். "அவரைப் பார்த்த பிறகும் என்னிடம் வர வேண்டும்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வாழவே பிடிக்கவில்லை என்ற சாயலில் மாணவர் ஏதாவது சொன்னால், மற்ற எல்லாப் படிகளையும் நிறுத்திவிடுங்கள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாக, அமைதியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகிவிடாது. அவரைத் தனியாக விடாதீர்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். மனநல ஆலோசகரையோ அவசர உதவியையோ உடனே அழைத்து, அவர்கள் வரும்வரை உடன் இருங்கள். சிகிச்சை அளிப்பது உங்கள் பணி அல்ல. தாமதமில்லாமல் உரிய கையில் சேர்ப்பதுதான் உங்கள் பணி.

11. பின்தொடர்தல்

நான் பார்த்தவரை, ஆலோசனை நின்றுபோவது இந்த இடத்தில்தான். முதல் சந்திப்பு நன்றாக நடந்துவிட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணம் இருபக்கமும் வந்துவிடுகிறது. இரண்டாவது சந்திப்பின் தேதியை முதல் சந்திப்பிலேயே குறித்துவிடுங்கள். இடையில், உங்கள் பங்கு வரியை முடித்ததும் ஒரு குறுஞ்செய்தி: "உதவித்தொகைப் பிரிவில் கேட்டேன், விலகினாலும் பாதிப்பில்லை." அந்த ஒரு வரிக்குப் பிறகு தம் பங்கைச் செய்யாமல் இருந்தவரும் செய்யத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

எழுதியது நடக்கவில்லை என்றால் "ஏன் செய்யவில்லை?" என்று கேட்காதீர்கள், "எந்த இடத்தில் நின்றது?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்குச் சாக்கு வரும். இரண்டாவதற்கு, "உதவி வகுப்பு நடக்கும் அறையைக் கண்டுபிடிக்க முடியவில்லை" என்பது போல, சரிசெய்யக்கூடிய ஒன்று வரும்.

பட்டியலில் அறுபது பேர் இருந்தால் எல்லோரையும் ஒரே அளவில் பின்தொடர முடியாது. அரியர் சேர்ந்தவர்கள், வருகை சரிந்தவர்கள், முதலாமாண்டினர் ஆகியோரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். மற்றவர்களைச் செமஸ்டருக்கு இரண்டு முறை, அவற்றில் ஒன்றை விலகல் தேதிக்கு முன்னால் பாருங்கள். நடுவில் நிற்கும் அமைதியான மாணவர்களை மறந்துவிடுவது எளிது: தோற்கவும் இல்லை, முதலிடத்திலும் இல்லை, எதையும் கேட்டு வருவதும் இல்லை. திசை தெரியாமல் படித்துக்கொண்டிருப்பவர்கள் அவர்களில் நிறையப் பேர். மாதத்துக்கு ஒருமுறை பட்டியலை எடுத்து, யாருடைய முகம் உடனே நினைவுக்கு வரவில்லையோ அவரை அழையுங்கள்.

நீங்கள் பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைக்கும்போது கோப்பை மட்டும் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். நெருக்கடியில் இருக்கும் மாணவர்கள் ஒவ்வொருவரையும் புதிய ஆலோசகரிடம் நேரில் அறிமுகப்படுத்துங்கள். எந்த வரி இன்னும் முடியாமல் இருக்கிறது, அதற்கு எந்தத் தேதி கடைசி என்பதை மாணவர் முன்னிலையிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள்.